பெரியப்பா சொல்லித் தந்த இங்கிலீஷ் வார்த்தை

எங்கள் ஊரில் இங்கிலீஷுக்கு ஒரு வேலையும் கிடையாது. பாகூர் பக்கம், சோரியாங்குப்பத்தை ஒட்டிய ஊர், அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. கொம்யூன் ஆபீசுக்குப் போனால் பிரெஞ்சு, கோயிலில் சமஸ்கிருதம், களத்துமேட்டில் வசவு, இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த பாஷைகள். இங்கிலீஷ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பெண்ணையாற்றைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் எல்லை. அங்கேயிருந்து மாட்டுத் தரகர்கள் வருவார்கள், பெண் கேட்டு வருவார்கள், அந்தப் பாஷை மட்டும் எங்கள் வாசற்படி ஏறியதில்லை. அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் என் பெரியப்பா. அவர் சொல்லித் தந்ததில் ஒரே ஒரு வார்த்தைதான் எனக்கு இன்றுவரை தங்கியிருக்கிறது. தங்கி என்ன பிரயோஜனம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வயதாகிவிட்டது, உட்கார்ந்து கேட்கிறவர்களும் குறைந்துபோனார்கள். சொல்லிவிட்டுப் போகிறேன்.

பெரியப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலையில் இருந்தவர். பாயிண்ட்ஸ்மேன் என்று சொல்லிக்கொள்வார். பெரியம்மா செத்ததும் வேலையை விட்டுவிட்டு, ஒரு காக்கிக் கோட்டும் ஒரு பித்தளை விசிலுமாக எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். நிலத்தில் கால் வைக்க மாட்டார். பயிரில் மாடு இறங்கினால் வரப்பில் நின்று விசில் ஊதுவார், மாடு திரும்பிக்கூடப் பார்க்காது. விளக்கு வைத்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து இங்கிலீஷ் சொல்லித் தருவதுதான் அவருடைய முழுநேர உத்தியோகம். பெண்பிள்ளைக்கு எதற்கு இது என்று அம்மா கேட்டாள்.

"பிரெஞ்சு படிச்சா ஆத்தங்கரையோட சரி. இங்கிலீஷ் படிச்சா ரயில் போற எடமெல்லாம் போலாம்" என்றார். என்னை எங்கேயும் அனுப்புகிற உத்தேசம் வீட்டில் யாருக்கும் இல்லை. பெரியப்பாவுக்கும் இல்லை.

கோ, கம், சிட், ஸ்டாண்ட் எல்லாம் இரண்டு நாளில் முடிந்துவிட்டன. பிறகு அவர் ஒரு பெரிய வார்த்தைக்கு வந்தார். டிஸ்கரேஜ். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும், சாமி பெயரைச் சொல்வதுபோல.

எனக்குப் புரியவில்லை என்றதும் அவர் வாசலில் இருந்த புளியமரத்தைக் காட்டினார். "ஒருத்தன் அந்த மரத்துல ஏர்றான்னு வெச்சுக்க. ஏறாதடான்னு கால புடிச்சு இழுத்தா அது டிஸ்கரேஜ் இல்ல. அது ஸ்டாப். கீழ நின்னுக்கினு, ஏறு ராஜா ஏறு, ஆனா போன வருஷம் இதுலேர்ந்துதான் ஒருத்தன் வுழுந்து இடுப்ப ஒடிச்சிக்கினான்னு சொல்லு. அவனே எறங்கிடுவான். அதான் டிஸ்கரேஜ்."

அந்த வார்த்தை அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொன்னார். வாலிபத்தில் அவர் கார்டு பரீட்சை எழுத ஆசைப்பட்டாராம். கொடியும் விளக்கும் வைத்துக்கொண்டு ரயிலின் கடைசிப் பெட்டியில் நிற்கிற கார்டு. அவர் வேலை பார்த்த சின்ன ஸ்டேஷனின் மாஸ்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். மாஸ்டர் வேண்டாம் என்றே சொல்லவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, "எழுதேன், நல்லா எழுது. ஆனா போன தபா உன்னவிடக் கெட்டிக்காரனுங்களே கோட்டை வுட்டானுங்க" என்றாராம். அப்புறம் பார்க்கும்போதெல்லாம் விசாரித்தாராம், அக்கறையாக. பரீட்சை நாள் வந்தது.

"அன்னிக்கு யாரும் என்னத் தடுக்கலடி. நானாத்தான் போவல" என்றார் பெரியப்பா. "ரொம்ப நாள் கழிச்சு ஒரு கிளார்க்குதான் சொன்னான், மாஸ்டர் உன்ன டிஸ்கரேஜ் பண்ணிட்டாருப்பான்னு. அந்த வார்த்த காதுல வுழுந்தப்புறம்தான் எனக்கு இன்னா நடந்துச்சுன்னே தெரிஞ்சுது. அன்னியிலேர்ந்து சத்தியம். செத்தாலும் ஒருத்தரையும் நான் டிஸ்கரேஜ் பண்றதில்ல."

சொல்லிவிட்டு, இந்த வார்த்தையை வைத்து ஒரு வாக்கியம் சொல் என்றார். வாக்கியத்தில் சரியாகப் பொருந்தினால்தான் அர்த்தம் தெரிந்ததாகக் கணக்கு, அவர் சட்டம் அது. நான் யோசித்து, "நான் மாட்டை டிஸ்கரேஜ் பண்ணினேன்" என்றேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. "மாட்டுக்கு ஏதுடி டிஸ்கரேஜ்? மாட்டுக்கு அடிதான். இது மனுஷாளுக்கு மட்டும்." அன்றிலிருந்து நான் வாக்கியம் தேடிக்கொண்டே அலைந்தேன். கிடைக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அத்தைக்கு சைகோனிலிருந்து ஆள் வந்தது.

அத்தை அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கடைசித் தங்கை. கல்யாணமாகி மூன்று மாதம் புருஷனோடு இருந்தாள். அதற்குள் மாமாவுக்கு சைகோனில் சுங்கச் சாவடியில் காவல் உத்தியோகம் கிடைத்து அவர் கப்பலேறிவிட்டார். அந்தக் காலத்தில் சைகோனும் பிரெஞ்சுக்காரன் கையில்தான், புதுச்சேரிக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரி, வீட்டுக்கு ஒருவர் அங்கே இருப்பார். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? அம்மாவுக்கு ஓயாத இழுப்பு நோய், நாலு குடம் தண்ணீர் தூக்கினால் நாலு நாள் படுக்கை. நெல் அவிப்பது, கரும்பு ஆலை ஆடும் மாதத்தில் ஆட்களுக்குச் சோறு பொங்குவது, அம்மாவுக்குக் கஷாயம், எனக்குத் தலைவாருவது எல்லாம் அத்தை. செவலைப் பசு ஒன்று இருந்தது. அது அத்தை கைக்கு மட்டும்தான் பால் கொடுக்கும். மற்றவர்கள் கிட்டே போனால் உதைதான். எனக்கு அத்தை என்றால் உயிர்.

வந்த ஆள் மடுகரைக்காரர். மாமாவோடு அங்கே வேலை பார்ப்பவர், லீவில் வந்திருந்தார். அடுத்த கப்பலில் பெண்சாதியோடு திரும்பப் போகிறார், துணைக்கு அவர்கள் இருப்பதால் அத்தையையும் கூட அனுப்பச் சொல்லி மாமா சொல்லிவிட்டிருந்தார். அரசாங்க உத்தியோகஸ்தர் குடும்பம் என்பதால் கப்பல் சீட்டு அரசாங்கத்துச் செலவு. அங்கே ஓட்டு வீடு பார்த்தாகிவிட்டது, வாசலில் கொய்யா மரம் இருக்கிறது என்றுகூடச் சொல்லியனுப்பியிருந்தார். அத்தைக்குக் கொய்யாப்பழம் பிடிக்கும். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அத்தை, மடுகரைக்காரர் மோர் குடித்துவிட்டுப் போனதும் என்னைத் தூக்கிச் சுற்றினாள். எனக்கு சைகோனிலிருந்து பட்டுக் குடை அனுப்புவதாகச் சொன்னாள். பூப் போட்ட குடை. எனக்கு அன்றிலிருந்து குடை நினைப்புதான்.

வீட்டில் யாரும் போகாதே என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? புருஷன் கூப்பிடுகிறான், பெண்சாதி போகிறாள், இதில் வேண்டாம் என்று சொல்ல எந்த அண்ணனுக்கு வாய் வரும்? அப்பா இரண்டு நாள் களத்துமேட்டிலேயே கிடந்தார். பிறகு, "அம்மன்கிட்ட பூ கட்டிப் போட்டுப் பாத்துடலாம். அவ சொல்றபடி செய்வோம்" என்றார்.

பூ கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாகப் பூவரச இலையில் ஒரே மாதிரி மடித்துக் கட்டி அம்மன் காலடியில் போட வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுப்பது கள்ளங்கபடம் அறியாத பிள்ளையாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தத் தகுதி எனக்குத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லும் வேலையைப் பெரியவர்கள் அம்மன் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்குப் புதுப் பாவாடை கிடைத்த சந்தோஷம்.

பூசாரி இரண்டு பொட்டலத்தையும் குலுக்கிப் போட்டார். நான் குனிந்து ஒன்றை எடுத்துப் பிரித்தேன். நந்தியாவட்டைப் பூ. வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஐயையோ, கொழந்த பீச்சாங்கையால எடுத்துருச்சு" என்றார் பெரியப்பா.

உண்மைதான். எனக்கு எல்லாவற்றுக்கும் இடதுகைதான் முந்தும். சாப்பிடும்போது மட்டும் அம்மா அடித்துத் திருத்தியிருந்தாள். இடதுகையால் எடுத்தது உத்தரவாகாது என்று அப்பா சொன்னார். பூசாரியும் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு ஆகாது என்றார். இன்னொரு முறை கட்டி, குலுக்கி, போட்டார்கள். இந்தத் தடவை பெரியப்பா என் இடதுகையைப் பிடித்துக்கொண்டார். நான் வலதுகையால் எடுத்தேன். பிரித்தால் மறுபடியும் நந்தியாவட்டை.

அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் தண்ணீர். "ஆத்தா குட்த்துட்டாடி" என்று என் கன்னத்தைத் தடவினாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்புறம் இன்னா, போவட்டும்" என்றார். பெரியப்பா என் இடதுகையை விடவே மறந்துவிட்டார். வீடு வந்து சேரும்வரை பிடித்துக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு அலுப்பாக இருக்கிறது. அடிதடி என்றால் சொல்லலாம், சண்டை என்றால் சொல்லலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. எல்லோரும் அத்தைக்கு உதவி செய்தார்கள்.

அப்பா புதுச்சேரிக் கடைத்தெருவிலிருந்து ஒரு தகரப் பெட்டி வாங்கிவந்தார். பச்சை வர்ணம், மூடியில் ரோஜாப்பூ. அத்தை அதில் நாலு புடவையை மடித்து வைத்ததும் அப்பா பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "நல்ல கெட்டிப் பெட்டிதான். ஆனா தனியா ஒரு பொம்பள இத எப்டித் தூக்கிக்கினு கப்பல் ஏறுவா?" என்றார். மடுகரைக்காரர் இருக்கிறாரே என்றாள் அத்தை. "அவுரு அவுரு பெண்டாட்டி பெட்டியத் தூக்குவாரா, உன்னுத தூக்குவாரா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, விசாரமாகத்தான் சொன்னார்.

அம்மா படுக்கையில் இருந்தபடியே அத்தைக்கு ஊறுகாய் போடச் சொல்லித் தந்தாள். "போய்ட்டு வா கண்ணு. மவராசியா இரு. எனக்கு இன்னா, ரெண்டு வேள கஞ்சி. யாராச்சும் ஊத்துனா குடிக்கிறேன், ஊத்தாகாட்டி கெடக்கறேன்" என்பாள். சொல்லிவிட்டு இருமுவாள். அந்த இருமல் பொய் இல்லை, பாவம். அத்தை எலுமிச்சம்பழத்தை அறுப்பதை விட்டுவிட்டு வந்து அம்மாவின் முதுகைத் தடவுவாள்.

பெரியப்பா இருக்கிறாரே, அவர்தான் எல்லோரையும்விட அதிக உதவி. கப்பலைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, கப்பலில் மட்டும் ஏறியதில்லை. தினமும் சாயங்காலம் அத்தை நெல் அவிக்கும் இடத்தில் வந்து கோட்டோடு உட்கார்ந்துகொள்வார்.

"நா உன்ன டிஸ்கரேஜ் பண்ணலம்மா. தைரியமாப் போ. ஆனா ஒண்ணு, கப்பல்ல யாராச்சும் செத்தா பொதைக்க மாட்டாங்க. மூட்டையாக் கட்டி கடல்ல தள்ளிடுவாங்க."

"நா எதுக்குண்ணா சாவறேன்? போறது பொழைக்க" என்றாள் அத்தை.

மறுநாள்: "டிஸ்கரேஜ் பண்றேன்னு நெனச்சிக்காத. ஆனா அந்த ஊர்ல மீன அழுவ வெச்சு, அந்தத் தண்ணிய சோத்துல ஊத்திக்கிறாங்களாம்."

"நம்ப வூட்டுக் கருவாடு மட்டும் இன்னா, மல்லிப்பூவா?" என்று அத்தை கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெரியப்பாவும் சிரித்தார்.

அதற்கடுத்த நாள், சைகோன் போய்வந்தவர்கள் சொன்னதாக ஒரு பாம்புக் கதை. அதற்கடுத்து, அங்கே போன நம் ஊர்க்காரன் ஒருவன் மூன்று வருஷத்தில் தமிழை மறந்துபோன கதை. ஒவ்வொரு கதைக்கும் முன்னால் அவருடைய சத்தியம் வந்துவிடும், டிஸ்கரேஜ் பண்ணவில்லை என்று. பின்னாலேயே ஒரு ஆனா வரும். அத்தை முதலில் பதிலுக்குப் பதில் பேசினாள். பிறகு அடுப்பைப் பார்த்தபடி உம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் சொல்வதில்லை. பெரியப்பா பேசி முடித்துவிட்டு எழுந்து போவார், அத்தை நெல்லைக் கிளறிக்கொண்டே இருப்பாள்.

பசு விஷயம் வேறு. அத்தை போய்விட்டால் யார் கறப்பது என்று அப்பா பழகிக்கொள்ளத் தொடங்கினார். அத்தையின் பழைய புடவையை உடம்பில் சுற்றிக்கொண்டு, அத்தை மாதிரியே குரல் கொடுத்துக்கொண்டு போனார். செவலைப் பசு அவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தது. அடுத்த நிமிஷம் செம்பு ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், புடவை சாணத்தில். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் வேறு யாரும் சிரிக்கவில்லை. அப்பா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "வுடு, வித்துட்டாப் போச்சு. கண்ணுக்குட்டிதான் பாவம்" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "கொழந்தைக்குப் பாலு?" என்று ஒரு சொல் கேட்டாள். குழந்தை என்றால் நான். அத்தை சாணத்திலிருந்து புடவையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

யாராவது ஒருவர், ஒரே ஒருவர், "போகாதே, நீ போனால் இந்த வீடு நடக்காது" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அத்தை சண்டை போட்டிருப்பாள். அவளுக்குச் சண்டை போடத் தெரியும். ஆலைக்காரன் வெல்லத்தில் கல் கலந்தபோது இடுப்பில் கைவைத்து நின்று அவனை ஆற்றங்கரைவரை ஓட்டினவள். ஆனால் இங்கே யாரோடு சண்டை போடுவது? எல்லோரும் போ போ என்றுதான் சொன்னார்கள்.

கப்பலுக்கு முந்தின நாள் சாயங்காலம். விடியலில் மடுகரைக்காரர் வண்டி கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அன்று இழுப்பு கொஞ்சம் அதிகம். அத்தை கஷாயம் கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு, கூடத்துக்கு வந்து, பெட்டியைத் திறந்தாள். ஏதோ மறந்ததை வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் புடவைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடியில் போட்டாள். ஊறுகாய் ஜாடியை எடுத்து உறியில் வைத்தாள். பிறகு மூலையில் சாக்கில் இருந்த உளுந்தைக் கொண்டுவந்து அந்தப் பெட்டியில் கொட்டினாள். எலி கடிக்காமல் இருக்கட்டும் என்றாள்.

"நா போவலண்ணா. அடுத்த கப்பல்ல பாத்துக்கலாம்" என்றாள்.

அப்பா எழுந்து நின்றார். "இன்னாம்மா இது? நாங்க யாரும் வேணாங்கலியே?"

"இல்லண்ணா. யாரும் சொல்லல."

உள்ளேயிருந்து அம்மா, "என்னால நீ போவாம இருக்காத கண்ணு, பாவம் எனக்கு வேணாம்" என்றாள். பெரியப்பா கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "யோசிச்சுதான சொல்ற? நாளைக்கு நாங்க டிஸ்கரேஜ் பண்ணிட்டோம்னு பேச்சு வரக்கூடாது" என்றார்.

"நானாத்தான் போவல பெரியண்ணா" என்றாள் அத்தை.

அன்றைக்கு எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். அம்மாகூட எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டாள். வீட்டில் யாரோ உடம்பு தேறி எழுந்த மாதிரி இருந்தது. எனக்குக் குடை போனதில் வருத்தம், அத்தை போகாததில் சந்தோஷம், இரண்டும் கலந்து தூக்கம் வரவில்லை. பெரியப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார். என்னைக் கூப்பிட்டு, "இன்னா, வாக்கியம் கெடச்சுதா?" என்றார்.

எனக்கு அந்த நிமிஷம் கிடைத்துவிட்டது. எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, உரக்கச் சொன்னேன்.

"எங்கள் வீட்டில் அத்தையை யாரும் டிஸ்கரேஜ் பண்ணவில்லை."

"கரெக்ட்!" என்று பெரியப்பா கைதட்டினார். "வெரி குட். இதான் வாக்கியம்!" பானையிலிருந்து ஒரு கட்டி வெல்லம் எடுத்து என் கையில் வைத்தார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அத்தை சிரித்தாள். பல நாள் கழித்துச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை, புகை என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வாக்கியம் அவளைச் சிரிக்கவைத்துவிட்டது என்று வெல்லத்தில் பாதியை உடைத்து அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விடியலில் மடுகரைக்காரர் வண்டி வந்தது. உள்ளே அவர் பெண்சாதி புதுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். அத்தைதான் வெளியே போய்ப் பேசினாள். அடுத்த கப்பலில் வருவதாகச் சொன்னாள், மாமாவுக்கென்று ஊறுகாய் ஜாடியைக் கொடுத்தாள். வண்டி போய்விட்டது.

அதற்கப்புறம் நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அடுத்த கப்பல் சமயத்தில் அம்மா படுத்துவிட்டாள். அதற்கடுத்த கப்பல் சமயத்தில் நடவு. ஒவ்வொரு தடவையும் எல்லோரும் போ என்றுதான் சொன்னார்கள். பிறகு யுத்தம் வந்தது. கப்பல் எப்போதாவது ஒன்று என்றாகி, அதுவும் நின்றுபோனது. சைகோனிலிருந்து சேதியும் நின்றது. யுத்தம் முடிந்து மடுகரைக்காரர் தலை நரைத்துத் திரும்பி வந்தார். மாமாவுக்கு அங்கே குடும்பம் ஆகிவிட்டது, இரண்டு பிள்ளைகள் என்று எச்சிலை விழுங்கிக்கொண்டே சொன்னார். அப்பா மாமாவைத் திட்டாத வசவில்லை. "நாங்க அனுப்ப மாட்டோம்னா சொன்னோம்?" என்று தெருவே கேட்கக் கத்தினார். அத்தை அப்பாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பச்சைப் பெட்டியில் கடைசிவரை உளுந்துதான் இருந்தது. மூடியில் ரோஜாப்பூ மட்டும் தேயத் தேய மங்கிப்போனது.

ஆனால் நான் சொல்ல நினைத்தது வண்டி போன அந்தக் காலையைப் பற்றித்தான். தூசி அடங்கியதும் அத்தை செம்பை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். செவலைப் பசு அவளைக் கண்டதும் காலை அகட்டி நின்றுகொண்டது. நான் தூணைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே என் வாக்கியத்தைப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தேன். அத்தை கறப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அது இன்னா வார்த்தடி? இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். அத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. நான் புளியமரத்துக் கதையைச் சொல்லி அர்த்தம் விளக்கினேன். காலைப் பிடித்து இழுத்தால் அது வேறு, கீழே நின்று பேசினால்தான் இது என்றேன். அத்தை அடுத்த காம்புக்குக் கையை மாற்றினாள்.

"அத பண்றவங்களுக்குத் தெரியுமாடி, பண்றோம்னு?"

எனக்குத் தெரியவில்லை. இரு, கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று ஓடினேன். பெரியப்பா வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்றிருந்தார். அத்தை கேட்கச் சொன்னாள் என்று கேள்வியை அப்படியே ஒப்பித்தேன். அவர் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். கொட்டில் பக்கம் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார், வாயில் இருந்த எச்சிலைத் துப்பக்கூட இல்லை.

"அதெல்லாம் பெரிய கிளாஸ் பாடம். ஒனக்கு இப்ப வேணாம், போ" என்றார்.

நான் திரும்பி ஓடிவந்து அத்தையிடம், பெரியப்பாவுக்குத் தெரியவில்லையாம் என்று சொன்னேன். அத்தை செம்பில் பொங்கி நின்ற நுரையை வழித்து என் வாயில் வைத்தாள். அன்று சாயங்காலம் விளக்கு வைத்ததும் நான் போய் உட்கார்ந்தேன், பெரியப்பா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தரவே இல்லை, வீட்டில் அந்த வார்த்தையை யாரிடமும் சொல்லவும் இல்லை. வாக்கியம் சரியாகச் சொல்லிவிட்டேன் அல்லவா, அதனால் பாடம் முடிந்துவிட்டது, நான் பாஸாகிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.